நாஃப்கோப்ஃப்: மூணு நாட்டு எல்லை சேர்ற உச்சிக்கு நடந்து போறதுக்கான முழு வழிகாட்டி

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன் மூணும் ஒரே புள்ளில சேர்ற உச்சி நாஃப்கோப்ஃப். ஆல்ப்ஸ்ல ரேடிகான் மலைத்தொடர்ல இருக்கு, உயரம் 2570 மீட்டர். சீசன்ல போனா கயிறு, ஹார்னெஸ் எதுவும் தேவையில்ல, நடந்தே ஏறிடலாம். அப்படி இருந்தும் புதுசா வர்றவங்கள்ல நிறைய பேர் உச்சிக்கு கொஞ்ச தூரம் இருக்கும்போது திரும்பிடறாங்க. தெம்பு இல்லாம திரும்புறவங்க அதுல கம்மிதான். முன்னாடி செய்ய வேண்டியத பின்னாடி செஞ்சு, வீட்ல முடிவு பண்ண வேண்டியத மலைல நின்னு யோசிச்சு, நேரம் போய் மேகம் வந்து திரும்புறவங்கதான் அதிகம். அதனால இத வரிசைப்படி எழுதறேன், நீங்களும் இதே வரிசைல செய்ங்க.

1. முதல்ல மாசம், அப்புறம்தான் தேதி

ஜூலை கடைசிலருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் நல்ல காலம். ஜூன்லயும் போறவங்க இருக்காங்க, ஆனா உச்சிக்குப் போற கடைசிப் பாதை மலையோட நிழல் பக்கமா ஏறுது, கீழ புல்லு பச்சையா இருந்தாலும் அங்க பனித் திட்டு கிடக்கும். காலைல அது கல்லு மாதிரி இறுகி இருக்கும், சரிவுல வழுக்கினா பிடிக்க ஒண்ணும் இருக்காது.

செப்டம்பர் எனக்குப் பிடிச்ச மாசம். இடி மழை குறைஞ்சிருக்கும், காத்து தெளிவா இருக்கும், கூட்டம் இருக்காது. ஆனா பகல் சுருங்கிடும், அதுக்கேத்த மாதிரி சீக்கிரம் கிளம்பணும். அக்டோபர்ல போறதா இருந்தா ஹட் (மலைல சாப்பிடவும் தங்கவும் இருக்கற விடுதி) திறந்திருக்கான்னு கேக்காம கிளம்பாதீங்க, ஒரு தடவ புதுப் பனி விழுந்துட்டா பாதைல இருக்கற குறியெல்லாம் மூடிடும்.

2. பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், போன்

மூணு நாடும் ஷெங்கன்ல (ஐரோப்பாவோட ஒரே விசா பகுதி) இருக்கு, மலைல செக்போஸ்ட் கிடையாது. அதுக்காக பாஸ்போர்ட்ட ஹோட்டல்ல வச்சுட்டு வரக்கூடாது. நீங்க உண்மையிலேயே நாடு தாண்டறீங்க, கேட்டா காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு பையோட உள்பாக்கெட்ல வச்சிருங்க.

சுவிஸ்ல இருக்கற நம்மாளுங்களுக்கு இது முக்கியம். பி, சி பெர்மிட் இருந்து பாஸ்போர்ட் செல்லுபடியா இருந்தா கவலையில்ல, ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. N பெர்மிட் (அகதி விண்ணப்பம் முடிவாகாதவங்க), F பெர்மிட்ல (தற்காலிகமா அனுமதிச்சவங்க) இருக்கறவங்களுக்கு வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு. லிக்டென்ஸ்டைன் பக்கத்து ஊரு மாதிரி தெரிஞ்சாலும் அது வேற நாடு. உங்க கேண்டன் (சுவிஸ் மாநிலம்) மைக்ரேஷன் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல பதில் வாங்காம இந்த மலைக்கு வராதீங்க, ஒரு நாள் ட்ரெக்குக்காக கேஸக் கெடுத்துக்க வேணாம்.

இன்சூரன்ஸ்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஹெலிகாப்டர் மீட்புக்குக் காசு குடுக்குமா குடுக்காதா. சாதாரண டிராவல் பாலிசி நிறையதுல ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், மலைலருந்து தூக்கிட்டு வர்ற செலவு இருக்காது. ஆல்பைன் கிளப் மெம்பரா இருந்தா சில கிளப்ல மீட்புச் செலவு உள்ளயே வரும், ஹட்ல ராத்திரி தங்கவும் வாடகை குறையும்.

போன்ல ரோமிங் செட்டிங்க மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாருங்க. லிக்டென்ஸ்டைன்லயும் ஆஸ்திரியாலயும் ஐரோப்பிய ரோமிங் விதி செல்லும், சுவிஸ்ல செல்லாது. மேல ஏற ஏற போன் எந்த நாட்டு டவர் கிடைக்குதோ அதுல தொத்திக்கும், ஜெர்மனி சிம் வச்சிருக்கறவங்க ஃபோட்டோ அப்லோட் பண்ணிட்டு அடுத்த மாசம் பில்லப் பாத்து அதிர்ச்சி ஆவாங்க. மேப்ப டவுன்லோட் பண்ணிக்கிட்டு டேட்டாவ ஆஃப் பண்ணிடுங்க. சுவிஸ்டோப்போ ஆப் இலவசம், அதோட வரைபடத்துல லிக்டென்ஸ்டைன் முழுசும் வந்துடுது.

3. எந்தப் பக்கமா ஏறப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

எந்த வழியா வந்தாலும் பெரும்பாலும் எல்லாரும் போய்ச் சேர்ற இடம் ஃபெல்ட்ஸர்ஹுட்டெ. பெட்லர்யோக்னு சொல்ற கணவாய்ல, 2108 மீட்டர்ல இருக்கற மலை ஹட் அது. அங்கருந்து உச்சிக்கு இன்னும் 460 மீட்டர் ஏத்தம். அதனால வழியத் தேர்ந்தெடுக்கறதுன்னா ஹட்டுக்கு எப்படிப் போறதுங்கறதுதான்.

ஸ்டேக் வழி: லிக்டென்ஸ்டைன்ல 1300 மீட்டர்ல இருக்கற சின்ன ஊர். அங்கருந்து வாலூனா பள்ளத்தாக்கு வழியா ஹட்டுக்கு ரெண்டரைலருந்து மூணு மணி நேரம். பெரும்பாலும் வண்டித் தடம், வழி தவற வாய்ப்பு கம்மி. முதல் தடவன்னா இதத்தான் சொல்வேன்.

மால்பூன் வழி: 1600 மீட்டர்ல இருக்கற ஸ்கீ ஊர். சாரைஸ் செயர்லிஃப்ட்ல 2000 மீட்டர் வரைக்கும் போய் ஆக்ஸ்டென்பெர்க் உச்சியத் தாண்டி ஹட்டுக்கு இறங்கலாம். பாக்கறதுக்கு ரொம்ப அழகு, ஆனா புதுசா வர்றவங்க கணக்குத் தப்பறது இங்கதான். லிஃப்ட்ல போறோம் ஈஸின்னு நினைக்கறாங்க. ஆக்ஸ்டென்பெர்க் 2359 மீட்டர், அது வரைக்கும் ஏறி மறுபடி 250 மீட்டர் இறங்கித்தான் ஹட் வரும், அதுக்கப்புறம் நாஃப்கோப்ஃப் ஏத்தம் முழுசா பாக்கி இருக்கும். சாயங்காலம் கடைசி லிஃப்டப் பிடிக்கணும்னா திரும்ப ஆக்ஸ்டென்பெர்க் ஏறணும், அதுக்கு யாருக்கும் மனசு வராது. இந்த வழில வந்தா இறக்கத்துக்கு வாலூனாவ வச்சுக்கங்க.

ஆஸ்திரியா பக்கம் நெந்த்ஸிங்கர் ஹிம்மெல்ங்கற பள்ளத்தாக்கு இருக்கு, அங்க சொந்தக் கார்ல போக முடியாது, நெந்த்ஸிங்லருந்து வாண்டர்பஸ் பிடிக்கணும். சுவிஸ் பக்க வழி நீளம், முதல் தடவைக்கு வேணாம்.

கீழ எழுதறதெல்லாம் ஸ்டேக் வழிய வச்சுத்தான்.

4. ஒரே நாளா, ராத்திரி தங்கியா

ஸ்டேக்லருந்து உச்சி வரைக்கும் மொத்த ஏத்தம் கிட்டத்தட்ட 1270 மீட்டர். போக நாலு நாலரை மணி நேரம், வர மூணு மணி நேரம், இதுல உக்கார்ற நேரம் சேரல. மலைல அடிக்கடி நடக்கறவங்களுக்கு இது ஒரு நல்ல முழு நாள். வாரம் முழுக்க ஆபீஸ் நாற்காலில இருந்துட்டு வர்றவங்களுக்கு ரெண்டு நாளா பிரிச்சுக்கறதுதான் சரி, முதல் நாள் மதியத்துக்கு மேல ஹட்டுக்குப் போய்த் தங்கி மறுநாள் விடிஞ்சதும் உச்சி.

காரணம் தூரம் மட்டும் இல்ல. கோடைல ஆல்ப்ஸ்ல இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கட்டும். ஹட்ல தூங்கி எழுந்தா காலை எட்டரைக்கு உச்சில இருக்கலாம், வானம் சுத்தமா இருக்கும். கீழருந்து வர்றவங்க உச்சி தொடும்போது மணி ஒண்ணு ரெண்டு ஆயிடும், மேகம் வர்ற நேரமும் அதுதான்.

தங்கறதா இருந்தா முன்கூட்டியே புக் பண்ணுங்க, வர முடியலன்னா போன் பண்ணி கேன்சல் பண்ணுங்க. சும்மா விட்டா உங்க கட்டிலும் போச்சு, ராத்திரி சாப்பாட்டக் கணக்குப் பண்ணி சமைச்சவங்களும் கஷ்டப்படுவாங்க. மெத்தையும் கம்பளியும் ஹட்ல இருக்கும், உள்ள போட்டுக்கற மெல்லிய ஸ்லீப்பிங் லைனர் நீங்க கொண்டு போகணும். ஃப்ராங்க் கேஷா வச்சிருங்க. சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க. அங்க போய் பார்லி சூப் வெஜ்னு நம்பி வாங்காதீங்க, அதுல பன்றி இறைச்சித் துண்டு போடறது வழக்கம், காய்கறி சூப்புக்கே மாட்டு எலும்புச் சாறு ஊத்தறதும் உண்டு, ஒவ்வொண்ணையும் கேட்டு வாங்குங்க. சீஸ் சேத்த க்னோப்ஃப்லி (சின்னச் சின்ன மாவு உருண்டை) இருந்தா வயிறு நிறையும்.

5. ஷூவும் பையும்

கணுக்கால் மூடற ஹைக்கிங் ஷூ. ஹட் வரைக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூல போயிடலாம், அதனாலதான் ஆளுங்க ஏமாந்து போறாங்க. ஹட்டுக்கு மேல சில்லுக் கல்லுச் சரிவு, அடி கெட்டியா இல்லாத ஷூன்னா ஒவ்வொரு கல்லும் பாதத்துல குத்தும், இறங்கும்போது சறுக்கும்.

இன்னொன்னு, யாரும் சொல்லாதது. பல வருஷமா அலமாரில தூங்கின ஷூவ எடுத்து மாட்டிட்டு வராதீங்க. வெளில பாத்தா புதுசு மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கற ஃபோம் ஈரத்துல மெல்ல மெல்ல நொறுங்கிப் போயிருக்கும். எங்க குழுல வந்த ஒருத்தருக்கு ஹட்டுக்குக் கொஞ்சம் கீழ இடது கால் சோல் முன்பக்கமா வாயப் பிளந்துச்சு, பத்து நிமிஷத்துல முழுசா கழண்டு கைல வந்துடுச்சு, அரை மணி நேரத்துல வலது காலும் அப்படியே. ஸ்டிக்ல சுத்தி வச்சிருந்த டேப்பப் பிரிச்சு ஷூவச் சுத்திக் கட்டி ஹட் வரைக்கும் கொண்டு போனோம், உச்சிய மறந்துட்டு அவர் அங்கயே உக்காந்துட்டார். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த ஷூவப் போட்டு ரெண்டு மணி நேரம் நடந்து பாருங்க, சோல் ஓரத்துல விரல் வச்சு அழுத்திப் பாருங்க, பொடி உதிர்ந்தா தூக்கிப் போடுங்க.

பைல: தண்ணி ரெண்டு லிட்டர், மழை ஜாக்கெட், ஒரு ஃப்ளீஸ், மெல்லிய கையுறை, குல்லா, சன்ஸ்கிரீன், கருப்புக் கண்ணாடி, ஹெட்லைட், பவர்பேங்க், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், சாப்பாடு. ஆகஸ்ட்ல எதுக்குக் கையுறைன்னு கேப்பாங்க. 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும், கீழ ரைன் பள்ளத்தாக்குல 25 இருந்தா உச்சில 12 கிட்ட இருக்கும், அதோட காத்தும் சேரும். ஜீன்ஸும் காட்டன் டிஷர்ட்டும் வேணாம், வேர்வைல நனைஞ்சா காயாது, கணவாய்ல நின்ன உடனே நடுக்கும். வாக்கிங் ஸ்டிக் ரெண்டு கட்டாயம், ஏறும்போது இல்லேன்னாலும் பரவால்ல, இறங்கும்போது முட்டி வாழ்த்தும்.

6. முந்தின நாள் ராத்திரி

இத வரிசையா பண்ணுங்க. முதல்ல வானிலை. மீட்டியோஸ்விஸ் ஆப்ல மழை வருமான்னு மட்டும் பாக்காம எத்தன மணிக்கு வருது, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னும் பாருங்க. ஃபோன்னு ஒரு தெக்கத்திக் காத்து இருக்கு, ரைன் பள்ளத்தாக்கு அதுக்குப் பேர் போனது. வானம் பளிச்சுன்னு இருக்கும், கதகதப்பா இருக்கும், கீழ நின்னு பாத்தா இதவிட நல்ல நாளே இல்லன்னு தோணும், மேல கணவாய்ல நிமிந்து நிக்க முடியாது. பலத்த ஃபோன்னு போட்டிருந்தா நாள மாத்துங்க.

ரெண்டாவது, கடைசி பஸ்ஸப் பாருங்க. திரும்பி வர்ற நேரம் தெரிஞ்சாத்தான் கிளம்பற நேரம் தெரியும். ஸூரிக்லருந்து ரயில்ல ஸார்கான்ஸ் ஒரு மணி நேரம், அங்கருந்து 11-ம் நம்பர் பஸ்ல வடூஸ், வடூஸ்லருந்து 21-ம் நம்பர்ல ட்ரீஸன்பெர்க் தாண்டி ஸ்டேக். அதே பஸ்தான் மால்பூனுக்கும் போகுது. ஞாயித்துக்கிழம டைம்டேபிள் வேற, அதையும் பாருங்க.

மூணாவது, திரும்பற நேரத்த எழுதி வைங்க. எந்த இடத்துல இருந்தாலும் இத்தன மணி ஆனா திரும்பிடுவோம்னு ஒரு நேரம். ஒரே நாள்ல போறவங்களுக்கு நான் சொல்றது மதியம் ஒண்ணு. வீட்ல யாராச்சும் ஒருத்தருக்கு வழி, பேர், எப்ப போன் பண்ணுவீங்கங்கறத மெசேஜ் அனுப்பிடுங்க.

7. ஸ்டேக்லருந்து ஹட் வரைக்கும்

பஸ் இறங்கினா சின்ன ஏரி ஒண்ணு, கேங்லெஸே, அது ஓரமா போய் ஓடைய ஒட்டியே வாலூனா பள்ளத்தாக்குக்குள்ள நுழையணும். மஞ்சப் பலகைல ஃபெல்ட்ஸர்ஹுட்டெனு போட்டிருக்கும், பக்கத்துல நேரமும் இருக்கும். அந்த நேரம் நிக்காம நடக்கறதுக்கான கணக்கு. சமதளத்துல மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலன்னு வச்சுப் போட்டது. முதல் பலகைலருந்து அடுத்த பலகைக்கு உங்களுக்கு எவ்ளோ ஆகுதுன்னு பாத்துக்கங்க, பலகை நேரத்தவிட கால் பங்கு கூட ஆச்சுன்னா நாள் முழுக்க அப்படித்தான் ஆகும், இப்பவே கணக்க மாத்திக்கங்க.

முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட சமதளம். இங்கதான் எல்லாரும் வேகமா நடந்து தெம்பக் கரைக்கறாங்க. பேசிக்கிட்டே நடக்க முடியற வேகத்துல போங்க. வாலூனா ஆல்ப்புக்கு (ஆல்ப்னா மலை மேய்ச்சல் பண்ணை) அப்புறம் தடம் ஏற ஆரம்பிக்கும், மரங்க குறைஞ்சு புல்வெளி வரும், வெயில் நேரா அடிக்கும். மேல நாஃப் ஆல்ப்போட மேய்ச்சல் நிலம்.

மாட்டு மந்தை வழில நிக்கும். கன்னுக்குட்டி கூட இருக்கற பசு ஆபத்து, நம்ம ஊர் மாடு மாதிரி தட்டிக் குடுத்துட்டுப் போற பழக்கம் இங்க வேணாம். தள்ளி வளைஞ்சு போங்க, கன்னுக்குட்டி கூட செல்ஃபி எடுக்காதீங்க. வேலிக் கதவத் திறந்தா மறக்காம மூடுங்க. ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி தெரிஞ்சாலும் மேல மாடு மேயுது, குடிக்காதீங்க.

8. ஹட்ல நின்னுதான் முடிவெடுக்கணும்

இந்த வழிகாட்டில ஒரே ஒரு பகுதியத்தான் படிப்பேன்னா இதப் படிங்க. ஹட்டுக்கு மேல ஒதுங்க இடமே கிடையாது. அதனால போறதா வேணாமாங்கற கேள்விக்கு பதில் இங்கயே சொல்லியாகணும், பாதி வழில போய் யோசிக்கறது ரொம்ப தப்பு.

ஹட்டுக்கு வந்ததும் உக்கார்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க. மணி என்ன. மேகம் எப்படி, குறிப்பா காலிஃப்ளவர் மாதிரி மேல மேல வளர்ந்துட்டு இருக்கா. பாதைல பனி இருக்கா. கூட வந்தவங்க முகம் எப்படி இருக்கு. கடைசியா ஹட் நடத்தறவங்ககிட்ட இன்னைக்குப் பாதை எப்படின்னு கேளுங்க, அவங்க தினம் அந்த மலையப் பாத்துட்டு இருக்கறவங்க, வேணாம்னு சொன்னா வேணாம்தான்.

இதெல்லாம் பாத்த பிறகு காபி குடிங்க, இருபது நிமிஷம் போதும். பெரிய சாப்பாடு, கேக், இன்னொரு காபின்னு ஒரு மணி நேரம் உக்காந்து எழுந்தா கால் கெட்டியாயிடும், மணியும் போயிருக்கும். சாப்பாட்ட இறங்கி வந்து சாப்பிடுங்க. தண்ணி பாட்டில இங்கயே நிரப்பிக்கணும், மேல சொட்டுத் தண்ணி கிடைக்காது. குழந்தைங்களோ முட்டி வலிக்கறவங்களோ இருந்தா அவங்க ஹட்லயே இருக்கட்டும். ஹட் நிக்கறதே லிக்டென்ஸ்டைன் ஆஸ்திரியா எல்லைல, காட்சியும் குறைவில்ல.

9. கடைசி 460 மீட்டர்

பலகைலருந்து வெள்ளை சிவப்பு வெள்ளைக் குறிய வச்சுப் போகணும். ஒண்ணேகாலு மணி நேரத்துலருந்து ஒண்ணரை ஆகும். முதல்ல புல்லுச் சரிவு, அப்புறம் வளைஞ்சு வளைஞ்சு ஏறும் கல்லுப் பாதை. மேல போகப் போக செங்குத்து கூடும், கல்லு உதிரியா கிடக்கும்.

இங்க காலடி வைக்கற விதம் முக்கியம். நுனிக்கால்ல உந்தாதீங்க, சில்லுக் கல்லு பின்னாடி ஓடிடும், ரெண்டடி ஏறினா ஓரடி சறுக்குவீங்க. பாதம் முழுசும் பதிச்சு, எடைய மெல்ல மாத்தி, சின்னச் சின்ன அடியா வைங்க. முன்னாடி போனவங்க மிதிச்சு இறுகின தடத்துலயே போங்க. வளைவக் குறுக்கால வெட்டி ஏறாதீங்க, உங்க காலடில உருள்ற கல்லு கீழ வளைவுல வர்றவங்க தலைல விழும். கல்லு உருண்டா உடனே சத்தம் போடுங்க.

குறி தெரியாம ரெண்டு நிமிஷம் நடந்துட்டா நின்னு கடைசியா பாத்த குறிக்குத் திரும்பிப் போங்க. மூடுபனில நேரா மேல ஏறிடலாம்னு போறவங்க தப்பான பக்கச் சரிவுல போய் மாட்டறாங்க. இடிச் சத்தம் காதுல விழுந்தா எவ்ளோ பக்கத்துல இருந்தாலும் திரும்பணும், உச்சில நிக்கற சிலுவை கிட்ட மின்னல் நேரத்துல இருக்கவே கூடாது.

10. உச்சில

சிலுவை நிக்குது. சுத்தி ஒரு நடை நடந்தா மூணு நாட்டு மண்ணையும் மிதிச்சுடலாம். ஒரு பக்கம் சுவிஸோட கிராவ்பூண்டன் மாநிலம், ஒரு பக்கம் ஆஸ்திரியாவோட ஃபோரார்ல்பெர்க், நீங்க வந்த பக்கம் லிக்டென்ஸ்டைன். கிழக்கால ரேடிகான்லயே உயரமான ஷேசாப்லானா தெரியும். ஃபோட்டோக்காகப் பின்னால நடக்காதீங்க, ஓரம் செங்குத்து.

நிறைய பேர் இதுதான் லிக்டென்ஸ்டைனோட உயரமான இடம்னு நினைச்சு வர்றாங்க. அது மேற்கால இருக்கற கிரவ்ஸ்பிட்ஸ், 2599 மீட்டர். வித்தியாசம் 29 மீட்டர்தானே, அப்படியே முகட்டு வழியா போயிடலாம்னு கிளம்பாதீங்க. அதுக்குக் குறி போட்ட பாதை கிடையாது, நொறுங்கற பாறை, விழுந்தா முடிஞ்சது. அது வேற ஆளுங்களுக்கான மலை.

11. இறக்கம்

சறுக்கி விழறது பெரும்பாலும் இறங்கும்போதுதான், உச்சி பாத்தாச்சுங்கற நினைப்புல கவனம் போயிடும். இறங்கறதுக்கு முன்னாடி ஷூ லேஸ கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டுங்க, இல்லேன்னா விரல் முன்னாடி இடிச்சு நகம் கருத்துடும். ஸ்டிக்க பத்து சென்டிமீட்டர் நீட்டி வைங்க. முட்டிய லேசா மடக்கி சின்ன அடி, உடம்பப் பின்னால சாய்ச்சா கால் வழுக்கிடும்.

ஹட்டுக்கு ஒரு மணி நேரம், ஹட்லருந்து ஸ்டேக் ரெண்டு மணி நேரம். வாலூனா தடத்துல மவுன்டன் பைக் வேகமா வரும், ஓரமா நடங்க.

12. ஏதாவது ஆயிட்டா

112 எந்த நாட்டு டவர்ல இருந்தாலும் போகும், முதல்ல இத மனசுல வைங்க. சுவிஸ், லிக்டென்ஸ்டைன்ல ரேகா ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, ஆஸ்திரியால மலை மீட்புக்கு 140. எல்லைல நிக்கறதால எந்த நாட்டு நெட்வொர்க்ல இருக்கீங்கன்னு குழம்பினா யோசிக்காம 112 அடிங்க. எந்தப் பக்கச் சரிவுல இருக்கீங்க, மேப்ல காட்டற எண், எத்தன பேர், என்ன அடி, அங்க காத்து எப்படி, இத சொல்லிட்டு போன கட் பண்ணாதீங்க, அவங்க கட் பண்ணட்டும்.

சிக்னல் இல்லேன்னா விசிலோ டார்ச்சோ: ஒரு நிமிஷத்துல ஆறு தடவ, ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி ஆறு. நிமிஷத்துக்கு மூணு தடவ பதில் வந்தா உங்களப் பாத்துட்டாங்கன்னு அர்த்தம். ஹெலிகாப்டர் வந்தா உதவி வேணும்னா ரெண்டு கையையும் மேல விரிச்சுத் தூக்குங்க, வேணாம்னா ஒரு கை மேல ஒரு கை கீழ. சும்மா கைய ஆட்டி ஹாய் சொல்லாதீங்க, பைலட்டுக்குக் குழப்பம். அது இறங்கறதுக்குள்ள தொப்பி, ஜாக்கெட், கவர் எல்லாத்தையும் பைக்குள்ள திணிச்சுடுங்க, காத்துல பறந்தா இறக்கைல போய் மாட்டிக்கும்.